26-2ஆ, இரண்டாவது முயற்சியில் 26ஆ? அலபாமாவின் 2018 குவாட்டர்பேக் வழக்கு

2018 கோடையில் அலபாமா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் ஆளான குவாட்டர்பேக்காக யார் இறங்க வேண்டும் என்பதுதான் வழக்கு. இரு கட்சிக்கும் ஆயுதம் அதே இரண்டு எண்கள். ஜேலன் ஹர்ட்ஸ் கட்சி "26-2" என்றது. அவர் தொடக்க குவாட்டர்பேக்காக இறங்கிய 28 ஆட்டங்களில் 26 வெற்றி, 2 தோல்வி. டூவா டாகோவைலோவா கட்சி "இரண்டாவது முயற்சி, 26 யார்டு" என்றது. அமெரிக்கக் கால்பந்தில் பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. இரண்டாவது முயற்சியிலேயே 26 யார்டு தேவைப்படுகிறது என்றால், தாக்குதல் அணி பெரிய பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று பொருள். அந்தப் பள்ளத்திலிருந்து டூவா வீசிய ஒரு பந்தில்தான் தேசியக் கோப்பை அலபாமா பல்கலைக்கழகத்தின் ஊரான டஸ்கலூசாவுக்கு வந்தது.

வழக்கமாகத் தோற்ற அணியின் ரசிகர்கள்தான் அடுத்த பருவத்துக்கு யார் குவாட்டர்பேக் என்று அடித்துக்கொள்வார்கள். இங்கே கோப்பை வென்றவர்கள் அடித்துக்கொண்டார்கள். 2018 ஜனவரி 8, அட்லாண்டா. ஜார்ஜியாவுக்கு எதிரான இறுதிப்போட்டியில் இடைவேளைக்குள் ஹர்ட்ஸ் வீசிய எட்டுப் பந்துகளில் மூன்றுதான் தன் ஆள் கையில் சேர்ந்தன, மொத்தம் 21 யார்டு. ஸ்கோர் 13-0. பயிற்சியாளர் நிக் சேபன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, அதுவரை ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்காத முதலாண்டு மாணவர் டூவாவை இறக்கினார். 20-20 என்று சமன் ஆகி, கூடுதல் நேரத்தில் 26-23 என்று முடிந்தது.

கூடுதல் நேரத்தில் டூவாவின் முதல் இரண்டு முயற்சிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். இரு கட்சியின் வாதமும் அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் முயற்சியில் அவர் பந்தை வைத்துக்கொண்டு பின்னால் பின்னால் ஓடினார். வெளியே எறிந்து தொலைத்திருந்தால் போயிற்று. எறியவில்லை. 16 யார்டு பின்னால் மண்ணைக் கவ்வினார். அனுபவமில்லாத ஆள் செய்கிற அப்பட்டமான தவறு அது. அடுத்த முயற்சியில் பந்தை வாங்கியதும் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஜார்ஜியாவின் கடைசிக் காவல்காரர் அந்தப் பார்வையை நம்பி நடுவிலேயே நின்றுவிட்டார். சட்டென்று இடப்பக்கம் திரும்பி, கோட்டை ஒட்டி ஓடிய டெவோன்டா ஸ்மித்துக்கு 41 யார்டு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) வீசினார். கண்ணால் ஓர் ஆளை ஏமாற்றி நிறுத்துவது பல வருடம் தொழில்முறை ஆட்டம் ஆடியவர்களுக்கே எளிதில் வராத வித்தை. ஹர்ட்ஸ் கட்சிக்கு முதல் முயற்சி சாட்சி, டூவா கட்சிக்கு இரண்டாவது முயற்சி சாட்சி.

ஏட்டுக் கணக்கு

2017 பருவத்தில் ஹர்ட்ஸ் 255 முறை வீசி 2,081 யார்டு எடுத்தார். 17 டச்டவுன், ஒரே ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்துக்கொண்ட வீச்சு). டூவா 77 முறை வீசி 636 யார்டு, 11 டச்டவுன், 2 இன்டர்செப்ஷன். ஒரு வீச்சுக்கு எத்தனை யார்டு என்று வகுத்தால் இருவரும் எட்டுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறார்கள். டூவா நீளமாக வீசுகிறவர், ஹர்ட்ஸ் குட்டையாக வீசுகிறவர் என்று சொல்லித் திரிந்தவர்கள் இந்த வகுத்தலைச் செய்து பார்க்கவில்லை.

வித்தியாசம் டச்டவுனில் இருக்கிறது. ஹர்ட்ஸுக்கு 15 வீச்சுக்கு ஒன்று, டூவாவுக்கு ஏழு வீச்சுக்கு ஒன்று. ஆனால் இதையும் அப்படியே விழுங்கக் கூடாது. இறுதிப்போட்டியின் 24 வீச்சுகளை விட்டால், டூவாவின் மற்ற வீச்சுகளில் பெரும்பாலானவை ஆட்டம் கைக்குள் வந்தபின், களைத்துப்போன எதிரணிக்கும் மாற்று வீரர்களுக்கும் எதிராக எடுத்தவை. அந்தக் கணக்கை வைத்து ஒருவரை முடிசூட்டுவது அவசரம்.

ஹர்ட்ஸின் 255 வீச்சில் ஒரே ஒரு இன்டர்செப்ஷன் என்பது அசாதாரணமான எண். அவர் காலால் 855 யார்டு எடுத்ததையும் சேர்த்தால் எதிரணிக்குத் தலைவலிதான். ஆனால் அந்த "ஒன்று" என்ற எண்ணுக்கு ஒரு விலை உண்டு. ஆபத்தான பந்தை வீசாதவருக்குத்தான் இன்டர்செப்ஷன் வராது. பந்தைப் பிடிக்க ஓடும் முதல் ரிசீவர் மறைந்துவிட்டால் ஹர்ட்ஸ் பந்தை அணைத்துக்கொண்டு ஓடிவிடுவார். சாதாரண அணிகளுக்கு எதிராக அது போதும். கிளெம்சனுக்கு எதிரான 2017 ஜனவரி இறுதிப்போட்டியில் அவர் 31 வீச்சில் 13தான் சேர்த்தார். அந்த ஆட்டத்திலும் இரண்டே நிமிடம் இருக்கையில் 30 யார்டு ஓடி அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பதை அவரை எதிர்ப்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். கடைசி நொடியில் கிளெம்சன் 35-31 என்று பறித்துக்கொண்டது தடுப்பாட்டத்தின் பாவம்.

மற்ற பத்துப் பேர்

இரு கட்சியும் இருவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. களத்தில் தாக்குதல் அணி என்பது பதினொரு பேர். யார் நல்ல குவாட்டர்பேக் என்று கேட்பதற்கு முன், 2018இல் மற்ற பத்துப் பேர் எந்த ஆட்டத்துக்கு வார்த்தவர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

2017இல் அலபாமாவின் வீச்சு ஆட்டம் என்றால் கால்வின் ரிட்லி. அவர் 63 பந்து பிடித்தார். அவருக்கு அடுத்து அந்த அணியில் இருபதைத் தொட்டவர் யாருமில்லை. ரிட்லி தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். மீதி இருந்தவர்கள் ஜெர்ரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், டெவோன்டா ஸ்மித். மூவரும் இரண்டாம் ஆண்டுக்குள் நுழையும் பிள்ளைகள், மூவருக்கும் காலில் தீ. புதிதாக ஜேலன் வாடில் வருகிறார். இப்படி நான்கு வேகமான ரிசீவர்களை வைத்துக்கொண்டு குவாட்டர்பேக்கை ஓடவிட்டால், இந்த நால்வரும் வழி மறிக்கும் வேலைக்குத்தான் ஆவார்கள்.

அன்றைய கல்லூரி ஆட்டத்தில் முக்கியமான ஆயுதம் ஆர்பிஓ, அதாவது ஓட்டமா வீச்சா என்று பந்து கைக்கு வந்தபின் முடிவெடுக்கும் ஆட்டம். பந்து கைக்கு வந்ததும் குவாட்டர்பேக் அதை ஓட்டக்காரர் வயிற்றருகே நீட்டுவார், ஆனால் கொடுத்துவிட மாட்டார். கண் எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பு வீரரான லைன்பேக்கர் மேல் இருக்கும். அவர் ஓட்டத்தைத் தடுக்க முன்னே வந்தால், அவர் விட்டுவிட்டு வந்த இடத்துக்குள் ரிசீவர் குறுக்காக நுழைவார். பந்து உடனே அங்கே போக வேண்டும். வராமல் நின்றால் பந்து ஓட்டக்காரருக்கு. முடிவு எடுப்பதும் வீசுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். டூவாவின் இடது கை அதைச் செய்தது. பந்து ரிசீவரின் ஓட்டம் தடைபடாமல் மார்புக்கு முன்னே வந்து விழும். ஜூடி போன்றவருக்கு எட்டு யார்டு வீச்சு அப்படி வந்தால் மீதி அறுபது யார்டு அவர் பாடு. ஹர்ட்ஸுக்கு அதே ஆட்டத்தில் கொடுப்பதா ஓடுவதா என்ற முடிவு இயல்பாக வரும். வீசும் முடிவு அரை நொடி தாமதிக்கும். அந்த அரை நொடியில் ஓட்டை மூடிவிடும்.

இடது கைக்காரர் என்பதால் ஒரு சின்ன விஷயமும் மாறும். வலது கை குவாட்டர்பேக்கின் முதுகைக் காப்பவர் இடக்கோடி வீரர். இடது கைக்காரருக்கு அது வலக்கோடி. அணியின் சிறந்த தடுப்பு வீரர் ஜோனா வில்லியம்ஸ் இடக்கோடியில் இருந்தார். டூவாவின் முதுகு அப்போது இரண்டாம் ஆண்டு மாணவரான ஜெட்ரிக் வில்ஸ் பொறுப்பு. இதை ஒரு கவலையாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். பின்னாளில் வில்ஸ் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் கவலை தேவையே இல்லை.

ஹர்ட்ஸ் பக்கம் உள்ள நியாயம்

டூவா கட்சிக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளாத ஒன்று உண்டு. ஹர்ட்ஸ் 2016இல் தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர் லேன் கிஃபினிடம் ஆட்டம் கற்றார். அந்தப் பருவ இறுதிப்போட்டிக்கு மட்டும் ஸ்டீவ் சார்கிசியன் வந்தார். 2017இல் பிரையன் டபால். 2018இல் மைக் லாக்ஸ்லி. மூன்று பருவத்துக்குள் நாலாவது ஆள். ஒவ்வொருவருக்கும் வேறு பாஷை, வேறு பாடம். இந்த நிலையில் ஒருவருடைய வீச்சு வளரவில்லை என்று குறை சொல்வது பாதி நியாயம்தான்.

ஹர்ட்ஸே 2016இல் இப்படித்தான் மேலே வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பருவத்தின் முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர் பிளேக் பார்னெட். முதலாண்டு மாணவர் ஹர்ட்ஸ் உள்ளே வந்தார், முதல் பந்தையே தவறவிட்டார், பிறகு ஆட்டத்தைக் கைப்பற்றினார். பார்னெட் அந்த செப்டம்பரிலேயே அணியை விட்டுப் போனார். இப்போது ஹர்ட்ஸ் பார்னெட்டின் இடத்தில் நின்றார். அவருடைய தந்தை, பள்ளி அணிப் பயிற்சியாளரான அவெரியன் ஹர்ட்ஸ், மகன் இடத்தை இழந்தால் கல்லூரிக் கால்பந்து வரலாற்றிலேயே பெரிய சுதந்திரப் பறவை (வேறு எந்த அணிக்கும் போகக்கூடிய வீரர்) அவன்தான் என்ற பொருளில் வசந்தத்திலேயே எச்சரித்துவிட்டார். ஆகஸ்டில் ஹர்ட்ஸ் வாய் திறந்தபோது, மாதக்கணக்கில் பயிற்சியாளர்கள் உட்பட யாரும் தன் மனநிலையைக் கேட்கவில்லை என்றார்.

இதே பருவத்தில் கிளெம்சனிலும் இதே கதை. அனுபவசாலி கெல்லி பிரையன்ட், முதலாண்டு மேதை டிரெவர் லாரன்ஸ். அந்த ஆண்டு வந்த புது விதிப்படி, நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாத மாணவருக்கு அந்தப் பருவம் தகுதிக் கணக்கில் கழியாது. நான்கு ஆட்டம் முடிந்ததும் லாரன்ஸ்தான் இனி என்றது கிளெம்சன், பிரையன்ட் கிளம்பிவிட்டார். அந்த வாரமே சிரக்யூஸுக்கு எதிராக லாரன்ஸ் அடிபட்டு வெளியேற, மூன்றாமவர் சேஸ் பிரைஸ் வந்து 27-23 என்று மானத்தைக் காப்பாற்றினார். ஹர்ட்ஸ் ஐந்தாவது ஆட்டத்திலும் களம் இறங்கினார். அதாவது, அந்தப் பருவத்திலேயே போகும் வாசலைத் தானே சாத்தினார்.

தீர்ப்பு

என் ஓட்டு 2018க்கு டூவாவுக்கு. காரணம் அந்த 41 யார்டு வீச்சு அல்ல. ஜூடி, ரக்ஸ், ஸ்மித், வாடில் என்ற நான்கு பேர். பந்தைக் காப்பாற்றும் குவாட்டர்பேக், தடுப்பாட்டம் ஜெயித்துத் தருகிற அணிக்குப் பொருத்தம். சேபன் பத்து வருடம் அப்படித்தான் ஜெயித்தார். 2018 அணி அப்படிப்பட்டதல்ல.

பருவம் அதற்குச் சாட்சி சொன்னது. லூயிவில்லுக்கு எதிராக 51-14 என்று தொடங்கியது. நவம்பரில் எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஆட்டம் வரும்வரை டூவா ஒரு இன்டர்செப்ஷன்கூடக் கொடுக்கவில்லை. முடிவில் 3,966 யார்டு, 43 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். ஜூடி மட்டும் 1,315 யார்டு எடுத்தார்.

ஆனால் டிசம்பர் 1 அன்று, அதே அட்லாண்டா ஸ்டேடியத்தில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டூவா 25க்கு 10 என்று தடுமாறி, இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்து, கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். நான்காம் பகுதியில் 28-21 பின்தங்கிய நிலையில் ஹர்ட்ஸ் உள்ளே வந்தார். ஒன்பது வீச்சில் ஏழு சேர்ந்தது. ஜூடிக்கு ஒரு டச்டவுன், பிறகு தானே 15 யார்டு ஓடி இன்னொன்று. 35-28. ஜூடிக்குப் போன அந்தப் பந்து நெருக்கடியில் அவசரப்படாமல் காத்திருந்து வீசியது. 2017இன் ஹர்ட்ஸ் அந்த இடத்தில் ஓடியிருப்பார். லாக்ஸ்லியும் குவாட்டர்பேக் பயிற்சியாளர் டான் ஈனோஸும் மாற்று வீரரையும் வளர்த்திருந்தார்கள் என்பது அங்கே தெரிந்தது.

2019 ஜனவரி இறுதிப்போட்டியில் கிளெம்சன் 44-16 என்று நசுக்கியபோது ஹர்ட்ஸ் கட்சி மறுபடி எழுந்தது. டூவாவின் ஆரம்ப வீச்சு ஒன்றை ஏ.ஜே. டெரல் பிடித்து 44 யார்டு ஓடி டச்டவுன் ஆக்கியது உண்மை. "255க்கு ஒன்று" என்ற எண் அன்று இரவு நிறையப் பேருக்கு ஞாபகம் வந்திருக்கும். ஆனால் 44 புள்ளி விட்டுக்கொடுத்த ஆட்டத்தில், பந்தைப் பத்திரமாக வைத்திருப்பவர் தோல்வியின் அளவைக் குறைத்திருப்பார், அவ்வளவுதான்.

இன்று பின்னோக்கிப் பார்த்துக் கட்சி மாறுகிறவர்களும் உண்டு. ஹர்ட்ஸ் 2025 பிப்ரவரியில் பிலடெல்பியாவுக்காக, தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் வென்று ஆட்டநாயகன் ஆனார் என்பதால், அன்றே அவரை வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அது தவறான வகுத்தல். அந்த ஹர்ட்ஸ் 2018 வசந்தத்தில் இல்லை. 2019இல் ஓக்லஹோமா போய் பயிற்சியாளர் லிங்கன் ரைலியிடம் 3,851 யார்டு வீசி, 1,298 யார்டு ஓடி, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாவதாக வந்தவரும் வேறு ஆள். அந்த ஆளுக்கு வழிவிட்டது உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருடம்தான்.

சேபனிடம் எனக்குள்ள குறை வேறு. டூவாவைத் தேர்ந்தெடுத்தது சரி. ஜனவரி முதல் செப்டம்பர் வரை அதை வெளியே சொல்லாமல் இழுத்தடித்துவிட்டு, லூயிவில் ஆட்டம் முடிந்ததும் கேள்வி கேட்ட தொலைக்காட்சி நிருபர் மரியா டெய்லரிடம் எரிந்து விழுந்தார், பிறகு மன்னிப்பும் கேட்டார். நிருபர் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு விடை முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய ஆள் ஹர்ட்ஸ், அதுவும் மார்ச் மாதத்திலேயே.