பிழைக் கொப்பிக்குப் போடலாம், நட்சத்திரப் பலகைக்கு வேண்டாம்: கிளிநொச்சியில் ஒரு கணித ரியூசன்

ஏ9 வீதிக்குக் கிட்ட, தகரக் கூரைக் கொட்டகை. சாதாரண தரப் பரீட்சைக்கான கணிதம், மாதம் 1500 ரூபா. படிப்பிப்பில் குறையில்லை. பிள்ளையைத் தூண்டும் விதத்தில்தான் பாதி சரி, பாதி பிழை.

சரியானது பிழைக் கொப்பி. முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் 25 சிறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. சனிக்கிழமைகளில் அதுமாதிரி ஐந்துதான் கொடுக்கிறார்கள். பிழைத்த கணக்கை இடப்பக்கம் ஒட்டி, எந்த வரியில் சறுக்கியது என்று வலப்பக்கம் பிள்ளையே எழுத வேணும்: அடைப்பை நீக்கேக்க மறைக்குறியை இரண்டாம் உறுப்புக்குக் கொடுக்கவில்லை, சமன்பாட்டின் ஒரு பக்கத்தை மட்டும் பெருக்கியாச்சு. அடுத்த கிழமை அதே கணக்கு இலக்கம் மாறி வரும். "எனக்குக் கணக்கு வராது" என்பது "இந்த வரிதான் வராது" என்று சுருங்கிவிடும். எஸ், அதாவது குறைந்தபட்சச் சித்தி, எடுக்க 35 புள்ளி, எட்டாத உயரமில்லை.

பிழை, சுவரிலுள்ள நட்சத்திரப் பலகை. முதல் மூவருக்குப் பேனை. எப்பவும் அதே மூவர். பின்வாங்கில் இருக்கும் பிள்ளைகள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த மூவருக்கும் ஆபத்துண்டு. 1973இல் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த ஆய்வில், பரிசு தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவிட்ட பாலர்கள் பிறகு தாமாக வரைவது குறைந்தது. பேனை கொடுத்தே ஆகவேணுமென்றால், பழைய பிழையைத் திருத்தியவருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கொடுக்கலாம்.

நெல் அரிவு வெட்டுக் காலத்தில் தவறிய வகுப்பின் தாளை எடுத்து வைப்பதில்லை. கேட்டு வாங்குங்கோ.