மீன் குழம்பில் அரைத்த தேங்காயை எந்தச் செயலி கண்டுபிடிக்கும்?

அளவாகச் சாப்பிட வைக்கிறோம் என்று போனில் வந்து நிற்பவை நான்கு வகை: கலோரி எண்ணும் செயலி, தட்டைப் படம் பிடித்தால் கணக்குச் சொல்லும் செயலி, வாட்ஸ்அப்பில் ஒருவருக்குப் படம் அனுப்பும் முறை, ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி. எது தேறும் என்பதைக் குமரி மாவட்டத்துத் தட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். இங்கே கலோரி ஒளிந்துகொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று அரைத்த தேங்காய், இன்னொன்று எடை பார்க்காமல் அள்ளி வைக்கிற மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி.

எண்ணும் செயலிகள்

ஹெல்திஃபைமீ, மைஃபிட்னஸ்பால் போன்றவற்றில் 'மீன் குழம்பு, ஒரு கிண்ணம்' என்று தேடினால் உடனே ஓர் எண் வரும். அந்த எண் யாருடைய குழம்பு என்பதுதான் கேள்வி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 பொருட்கள் உண்டு. ஆனால் அவை சமைக்காத பொருட்கள். சமைத்த குழம்புக்கு வரும் எண், எவரோ ஒருவரின் செய்முறையை வைத்துப் போட்ட கணக்கு. தக்காளி வதக்கிய குழம்பும் தேங்காய் அரைத்த நாகர்கோவில் குழம்பும் ஒரே பெயரில் கிடக்கும். மைஃபிட்னஸ்பாலில் பயனர்களே பதிவு சேர்க்கலாம் என்பதால் ஒரே உணவுக்கு நாலைந்து எண்கள் வேறு. அளவுக்குக் 'கட்டோரி' (சிறு கிண்ணம்) என்பார்கள். நம் அடுக்களையில் அகப்பைதான் உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. செயலியில் சொந்தச் செய்முறை சேர்க்கும் இடத்தைத் திறந்து, சமையலறைத் தராசில் (500 ரூபாய் சுற்றில் கிடைக்கும்) இப்படிச் செய்யுங்கள்:

1. காலிச் சட்டியின் எடையைக் குறியுங்கள். உதாரணமாக 700 கிராம்.
2. துருவிய தேங்காய், எண்ணெய், கழுவிச் சுத்தம் செய்த மீன் ஆகியவற்றைச் சமைக்கும் முன் தனித்தனியே எடை போட்டுப் பதியுங்கள்.
3. குழம்பு வெந்ததும் சட்டியோடு நிறுத்துக் காலி எடையைக் கழியுங்கள். 1,900 வந்தால் குழம்பு 1,200 கிராம்.
4. இனிமேல் 'கிண்ணம்' வேண்டாம், கிராமில் பதியுங்கள்.

பச்சைத் தேங்காய் 100 கிராமில் சுமார் 350 கலோரி. 150 கிராம் அரைத்தால் சட்டிக்குள் 525 கலோரி தேங்காயிலிருந்து மட்டும் இறங்குகிறது. நாலு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 130. குழம்போடு துவரனும் (தேங்காய் சேர்த்த பொரியல்) அவியலும் இருக்கும் நாளில் அது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 'அரை முறி தேங்காய்' என்று பதிவது வீண், காய்க்குக் காய் எடை மாறும்.

கிழங்கு இன்னும் மோசம். தோல் நீக்கிய பச்சைக் கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 160 கலோரி, 38 கிராம் மாவுச்சத்து. 300 கிராம் தின்றால் 114 கிராம் மாவுச்சத்து, அதாவது ஏறக்குறைய 400 கிராம் வெள்ளைச் சோற்றுக்குச் சமம். 'சோறே தொடவில்லை, கிழங்கு மட்டும்தான்' என்று சொல்பவருக்கு இந்த ஒரு எண் போதும். கஞ்சிக்குத் தண்ணீர் ஆளுக்கு ஆள் மாறுவதால் வெந்த எடை உதவாது. அரிசியைக் களையும் முன்பே எடை போட்டுவிடுங்கள், 50 கிராம் அரிசி என்றால் சுமார் 175 கலோரி.

இன்னொரு தொல்லை, நேரம். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரவே நேரமாகும். எட்டு மணிக்கே 'காலை உணவைப் பதியுங்கள்' என்று சத்தம் போடும் செயலியை ஒரு வாரத்தில் அமர்த்திவிடுவார். அமைப்பில் போய் அந்த நேரங்களை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

தட்டைப் பார்த்துச் சொல்பவை

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. மேலிருந்து எடுத்த படத்தில் ஆழம் தெரியாது. சோற்றின் மேல் ஊற்றிய குழம்புக்கு அடியில் எவ்வளவு சோறு என்று கேமரா ஊகிக்கத்தான் செய்யும். தீயல் என்கிற கருத்த புளிக்குழம்பில் வறுத்து அரைத்த தேங்காய் விருந்தாளியின் கண்ணுக்கே தெரியாது. தனித்தனியாகத் தெரியும் இட்லி, முட்டை, பழத்துக்கு இவற்றை நம்பலாம்.

வாட்ஸ்அப் படம்

கலோரியே சொல்லாத இந்த முறைதான் வீடுகளுக்குப் பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு. புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. வளைகுடாவில் இருக்கும் மகளோ, உணவியல் நிபுணரோ மறுமுனையில் இருந்தால் போதும். சில விதிகள் உண்டு. சாய்வாக எடுங்கள், நேர் மேலிருந்து எடுத்தால் எவர்சில்வர் தட்டு விளக்கொளியில் பளபளத்துக் கறி தெரியாது. அளவு தெரிய அதே கரண்டியைத் தட்டருகே எப்போதும் வையுங்கள். சாப்பிட்டு முடித்த தட்டையும் எடுங்கள். இரண்டாம் முறை போட்ட சோறு முதல் படத்தில் வராது, பெரும்பாலும் ஏமாற்றுவது அதுதான்.

இது தோற்பது எங்கே? நல்ல சாப்பாட்டை மட்டும் அனுப்பும் பெருமைப் படங்களில். ஏத்தன்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கொறித்தது ஒருபோதும் படமாகாது. 50 கிராம் சிப்ஸ் சுமார் 260 கலோரி. அதனால் சாப்பாட்டு வேளையை விட்டு, மாலை நாலு முதல் ஏழு வரை வாயில் போனதை மட்டும் ஒரு வாரம் அனுப்பச் சொன்னால் உண்மை வெளிவரும். பதில் சொல்பவரும் திட்டக்கூடாது. திட்டினால் மூன்றாம் நாள் படம் நிற்கும்.

குளுக்கோமீட்டரும் கையில் ஒட்டும் சென்சாரும்

சர்க்கரை நோயாளிக்கு இவை வேறு தளத்தில் பேசுகின்றன. குளுக்கோமீட்டரில் ஒரு வேளைக்கு இரண்டு ஸ்ட்ரிப் (ரத்தத் துளி வைக்கும் சோதனைப் பட்டை): முதல் வாய்க்கு முன் ஒன்று, அந்த முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. இரண்டு எண்ணையும் தட்டின் படத்தோடு போனில் குறியுங்கள். 300 கிராம் கிழங்கை மூன்று நாள் பாருங்கள். அடுத்து 150 கிராம் கிழங்கும் பயறுத் துவரனும் மூன்று நாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நல்ல கருவியே 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம். ஆகவே 10, 15 புள்ளி வித்தியாசத்தில் பொருள் தேடாதீர்கள். மட்டி வாழைப்பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் எண் பொய்யாக ஏறும். கடலோர ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தாலும் கெடும்.

சென்சார், உதாரணமாக ஃப்ரீஸ்டைல் லிப்ரே, 14 நாள் மேற்கையில் ஒட்டியிருக்கும். தோலடி நீரை அளப்பதால் ரத்தத்துக்குச் சில நிமிடம் பிந்தும். அந்தக் கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால் இரவில் பொய்யாகத் தாழ்வு காட்டும். குளச்சலில் வலை இழுக்கும் கைக்கு வியர்வையிலும் உரசலிலும் ஒட்டு நிற்பது கஷ்டம். செலவு ஆயிரக்கணக்கில். இன்சுலின் போடுபவருக்கு மருத்துவர் சொன்னால் தகும். சர்க்கரை இல்லாதவர் வாங்கினால் ஒரு விபரீதம் நடக்கும்: போன் திரையில் சர்க்கரைக் கோட்டை உயர்த்தாதது எல்லாம் நல்லதாகத் தெரியும். கோழிப் பொரிப்பு நல்லபிள்ளை, மட்டிப் பழம் குற்றவாளி.

இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள், எந்தக் கருவி என்ன சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் சோற்றையோ கிழங்கையோ பாதியாக்கக் கூடாது. சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும்.

மற்றவர்களுக்கு எங்கள் வரிசை: முதல் வாரம் தராசு, அடுத்த மூன்று வாரம் படம். செயலி வேண்டுமானால் இலவசப் பதிப்பு, அதுவும் சொந்தச் செய்முறைக்கு. கட்டணச் சோதனை தொடங்கினால், செயலியை அழித்ததோடு சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

இந்த நான்கில் எதுவும் உப்பைச் சரியாகப் பார்க்காது. அதற்கு போனே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ். நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டின் மேல் பிரித்த தேதியை எழுதுங்கள், ஐம்பது நாளுக்கு முன் தீர்ந்தால் கூடுதல். மீன் கழுவப் போட்ட உப்பைக் கழித்துக்கொள்ளலாம். கருவாட்டில் இருக்கும் உப்பை அதோடு கூட்ட வேண்டும்.