காற்றிடம் சுக்கானைக் கொடுக்க: ஊசல் துடுப்பா, தனிச் சுக்கானா?

நாகப்பட்டினத்தில், கடுவையாற்றில் கட்டியிருக்கும் என் 29 அடி பாய்ப்படகில் போன வருஷம் காற்றுச் சுக்கான் பொருத்தினேன். காற்றில் சாயும் ஒரு தகட்டை வைத்துப் படகைத் தானாகத் திசை பிடிக்க வைக்கும் கருவி அது. தனியாக ஓட்டும்போது டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்பும் கைப்பிடியை, விட்டுவிட்டு ஒரு டீ போட முடியாது. ஆறு மணி நேரம் அப்படி உட்கார்ந்தால் தோள் கழன்றுவிடும்.

பேட்டரியில் ஓடி டில்லரைத் தானே அசைக்கும் டில்லர் பைலட் ஏற்கெனவே இருந்தது. இன்ஜினில் போகும்போது அருமை. பின்னாலிருந்து அலை தள்ளினால் திணறும், உப்புத்தண்ணீர் உள்ளே போனால் அதோடு சரி.

காற்றில் இயங்குவதில் எனக்கு முன் இருந்தவை இரண்டு. ஒன்று தனிச் சுக்கான். ஹைட்ரோவேன் போன்ற அந்த வகைக் கருவிகளில் காற்றுத் தகட்டுக்குக் கீழே தனியாக ஒரு சுக்கான் இருக்கும். படகின் சுக்கானை அசையாமல் கட்டிவிட்டால் போதும், கயிறே வேண்டாம். உள்ள சுக்கான் உடைந்தாலும் இது கரை சேர்க்கும். தனி ஆளாக உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பாய்ப்படகுப் போட்டியில் வென்ற வான் டென் ஹீட் நம்பியது இதைத்தான்.

நான் எடுத்தது ஊசல் துடுப்பு. 1960-களில் பிரிட்டிஷ் பாய்ப்படகோட்டி பிளாண்டி ஹாஸ்லர் உருவாக்கிய வகை. ஏரீஸ், மானிட்டர் எல்லாம் இந்தக் குடும்பம். காற்றுத் தகடு சாய்ந்தால் தண்ணீரில் நிற்கும் துடுப்பு லேசாகத் திரும்பும். ஓடும் தண்ணீர் அதைப் பக்கவாட்டில் தள்ளும், அந்தத் தள்ளல் கயிறு வழியாக டில்லரை இழுக்கும். இழுப்பது காற்றல்ல, தண்ணீர். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது விசை அல்ல, வலை. இந்தக் கரையில் இரவு முழுக்க வலை மிதக்கும். தனிச் சுக்கான் எப்போதும் தண்ணீரிலேயே இருக்கும், ஓட்டத்தில் கழற்றுவது லேசில்லை. ஊசல் துடுப்பைத் தேவையில்லாதபோது மேலே தூக்கிவிடலாம். தூக்க மறந்தாலும் அதன் குழாயில் வேண்டுமென்றே பலவீனமாக விட்ட ஓர் இடம் உண்டு.

வேதாரண்யத்துக்கு நேரே ஒரு இரவு வலைக்கயிறு மாட்டியது. டப்பென்று குழாய் அந்த இடத்தில் முறிந்தது, துடுப்பு காப்புக் கயிற்றில் தொங்கியது. கருவியின் சட்டத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் விசைப்படகு ஷாஃப்ட் கடையும் லேத் பட்டறைக்குப் போனேன். "தம்பி, கனமான பைப்பா போட்டுத் தர்றேன், இனிமே ஒடியாது" என்றார் பட்டறைக்காரர். "ஒடியத்தாண்ணே வேணும்" என்று சொல்லி, பழைய கனத்திலேயே மூன்று செய்து வாங்கினேன்.

பொருத்தும்போது பின்பலகைக்கு உள்பக்கம் தட்டு வைத்து போல்ட் போடுங்கள். கயிறு, இழுத்தாலும் நீளாத டைனீமா என்ற செயற்கை இழையாக இருக்கட்டும். எங்கே உரசுகிறது என்று வாரம் ஒருமுறை பாருங்கள், இந்த வகையில் ஓயாத வேலை அதுதான். பிளாஸ்டிக் உருளை பேரிங் என்றால் கிரீஸ் வேண்டாம், உப்பும் மணலும் அதில் ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீர் போதும்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஆபத்து ஒன்று: காற்று திரும்பினால் படகும் திரும்பும். பகலில் கடற்காற்று, ராத்திரி கரைக்காற்று என்று மாறும் இந்தக் கரையில் திசைகாட்டியைப் பார்க்காமல் தூங்கக் கூடாது.

நான் ஓடியது புதுச்சேரிக்கும் கோடியக்கரைக்கும் இடையில்தான். டில்லருக்குப் பதில் ஸ்டியரிங் வீல் வைத்த பெரிய படகுக்கும் நடுக்கடல் பயணத்துக்கும் என் அனுபவம் செல்லாது. கயிறு சுற்றி வர வேண்டிய வீல் படகில் தனிச் சுக்கானே மேல் என்று படுகிறது.

பழைய டில்லர் பைலட்டையும் விற்கவில்லை. காற்று செத்த விடியலில் இன்ஜினைப் போட்டுவிட்டு, தகட்டைக் கழற்றி அந்த இடத்தில் அதை மாட்டுகிறேன். துடுப்பைத் திருப்பும் அளவுக்குத்தான் அதற்கு வேலை, பேட்டரி அவ்வளவாக இறங்குவதில்லை.