கே.ஆர்.பி. டேம் வெயிலா, மாந்தோப்பு நிழலா, நம்ம வீட்டு வாசப்படியா? குழந்தைங்க போட்டோவுக்கு எது சரி

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தர்மபுரி பக்கம் குழந்தையை நல்லதா நாலு போட்டோ எடுக்கணும்னா என்ன பண்றோம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தலை சீவி பவுடர் போட்டு புது டிரஸ் மாட்டி கே.ஆர்.பி. டேமுக்கு (கிருஷ்ணகிரி அணைக்கு) வண்டியில கூட்டிட்டுப் போறோம், இல்லேன்னா சொந்தக்காரங்க யாராச்சும் மாந்தோப்பு வெச்சிருந்தா அங்க போறோம். வீட்டுல எடுக்கறது பொறந்த நாளுக்கு கேக் வெட்டும்போதுதான், அதுவும் டியூப்லைட்டுல. மீதி நாளெல்லாம் அந்தக் குழந்தை எப்படி இருந்துச்சு, ஆயா (பாட்டி) பக்கத்துல உக்காந்து என்ன பண்ணுச்சு, எப்படி சாப்பிட்டுச்சு, எந்த மூலையில தூங்குச்சு, எதுவுமே ஆல்பத்துல இருக்காது. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

ஃபிளாஷ் இல்லாம, லைட் செட்டு இல்லாம, இருக்கற வெளிச்சத்துலயே எடுக்கறதுக்கு நம்ம ஊருல நாலு இடம் இருக்குது: சாயங்கால வெயில், தோப்பு நிழல், வாசப்படி, ஜன்னல் ஓரம். என் ஓட்டு வாசப்படிக்குத்தான், அதை இப்பவே சொல்லிடறேன். அதுக்காக மத்த மூணும் ஆகாதுன்னு இல்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம் இருக்குது.

சாயங்கால வெயில்

அழகுல இதை அடிச்சுக்க ஆளில்ல. முடி ஓரமெல்லாம் தங்கக் கோடு போட்டாப்ல வரும், பசங்க ஓடும்போது கிளம்பற செம்மண் புழுதி கூட மின்னும். பிரச்சனை என்னன்னா நேரம். வெளிநாட்டுக்காரங்க வீடியோவுல கோல்டன் அவர்னு சொல்றாங்களே, அது அவங்க ஊருக்கு சரி, லண்டன் மாதிரி வடக்க தள்ளி இருக்கற ஊருல சூரியன் சாய்வா இறங்கும், மஞ்ச வெயில் ரொம்ப நேரம் நிக்கும். நாம இருக்கறது 12 டிகிரி வடக்குல, இங்க சூரியன் கிட்டத்தட்ட நேரா கீழ இறங்கிடும், மணிக்கு 15 டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. அடிவானத்துக்கு மேல 6 டிகிரி இருக்கும்போது ஆரம்பிச்சு மறையற வரைக்கும்னு கணக்கு போட்டா 25 நிமிஷம்தான் தேறும். அதுலயும் நம்ம ஊரைச் சுத்தி பாறை மலைங்க, மேற்கால ஒரு மலை 2 டிகிரி உசரத்துக்கு மறைச்சாலே 8 நிமிஷம் போச்சு. நவம்பர் மாசத்துல ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடும், பார்க்கிங் தேடி வண்டி நிறுத்தி, மீன் வறுவல் கேட்டு அழற பையனை சமாதானம் பண்ணி, பார்க்குக்குள்ள போய் நிக்கறதுக்குள்ள வெயில் முடிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, அந்த நேரம்தான் சின்னப் பசங்களுக்குப் பசியும் தூக்கமும் ஒண்ணா வர்ற நேரம். "இங்க பாரு, சிரி"ன்னு சொல்லிச் சொல்லி வாங்கற சிரிப்பு போட்டோவுல அப்படியே தெரியும்.

போறதுன்னு முடிவு பண்ணிட்டா வெயிலை குழந்தையோட முதுகுப் பக்கம் வெச்சுக்கங்க, மூஞ்சிக்கு நேரா வெச்சா கண்ணைச் சுருக்கிடும். ஃபோன்ல மூஞ்சியைத் தொட்டு வெளிச்சத்தை ஏத்தினா பின்னாடி வானம் வெளுக்கும். வெளுத்தா வெளுத்துட்டுப் போகட்டும், நமக்கு மூஞ்சிதான் முக்கியம். ஓடற குழந்தைன்னா ஷட்டர், அதாவது படம் பதியற நேரம், 1/500 செகண்டை விட மெதுவா போகக் கூடாது.

வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை போக நல்ல இடம். அன்னாட வாழ்க்கையை எடுக்கறதுக்கு இல்ல.

தோப்பு நிழல்

கிருஷ்ணகிரி மாவட்டத்துல மாந்தோப்புக்குப் பஞ்சமா, பெங்களூரா, செந்தூரான்னு ரகம் ரகமா பர்கூர் பக்கமும் போச்சம்பள்ளி பக்கமும் எங்க திரும்பினாலும் மரம்தான். மே, ஜூன்ல காய் இறக்கறப்ப குடும்பமே அங்கதான் கெடக்கும், பசங்களுக்கு லீவு வேற, படம் எடுக்க விஷயம் கொட்டிக் கெடக்கும். ஆனா வெளிச்சம் ஏமாத்தும். இலை சந்துல இருந்து தரையில விழற வட்டம் வட்டமான புள்ளி வெயில் இருக்குது பாருங்க, அது ஒவ்வொண்ணும் சூரியனோட பிம்பம், ஊசித்துளை கேமரா தத்துவம்தான். அதுல ஒண்ணு குழந்தை கன்னத்துல விழுந்தா அந்த இடம் மட்டும் வெள்ளையா வெந்து போயிடும், பக்கத்துல கண்ணு கறுத்துடும், அப்புறம் எந்த ஆப்ல எடிட் பண்ணினாலும் திரும்பாது. சரி, புள்ளி விழாத நடு நிழலுக்குப் போலாம்னா, பழைய மாமரத்து அடியில ரொம்ப இருட்டு, மேல இருந்து வர்ற வெளிச்சம் இலை வழியா வர்றதால மூஞ்சில பச்சை அடிக்கும்.

இதுக்கு வழி நிழலோட விளிம்பு. நிழல் முடியற இடத்துக்கு ரெண்டு அடி உள்ள குழந்தை, அது பாக்கறது வெளிய திறந்த வானத்தை, நீங்க வெளிய இருந்து உள்ள பாத்து எடுக்கறீங்க. முன்னாடி செம்மண் தரை வெயில்ல கெடக்குதுன்னா இன்னும் நல்லது, அதுல பட்டு எழும்பற வெளிச்சம் தாடைக்கு அடியில நிரப்பிடும், நம்ம மாநிறத் தோலுக்கு அந்த செம்மை ரொம்பப் பொருந்தும். புளிய மரம் இருந்தா மாமரத்தை விட அதையே எடுத்துக்கங்க, சின்னச் சின்ன இலை, நிழல் பொடியா சீரா விழும்.

தோப்பை விட்டு வெளிய மதிய வெயில்ல மட்டும் நிக்க வெச்சு எடுக்காதீங்க. ஏப்ரல் நாலாவது வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் 20 வாக்குலயும் நம்ம மாவட்டத்துக்கு சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்ட குச்சிக்கு நிழல் விழாத அந்த நாள்ல மூஞ்சிக்கு நேர் மேல இருந்து வெயில் இறங்கும், கண்ணுக்குழி ரெண்டும் கறுப்பாயிடும். முன்ன பின்ன ரெண்டு மூணு வாரத்துக்கும் அதே கதைதான்.

வாசப்படி

இப்ப என் கட்சிக்கு வர்றேன். வெளிய வெயில், உள்ள இருட்டு, ரெண்டுக்கும் நடுவுல நிலைப்படியும் திண்ணையும். சூரியன் நேரா படாது, ஆனா திறந்த வானத்துல பாதி தெரியும், அது அவ்ளோ பெரிய விளக்கு, அதனால நிழல் மிருதுவா விழும். பின்னாடி வீட்டு உள்பக்கம் தன்னால இருட்டாயிடும், அங்க கெடக்கற சாமான், ஒயர், காலண்டர் எதுவும் கண்ணை இழுக்காது. பின்னாடி மங்கலா தெரியணும்னு காஸ்ட்லி லென்ஸ் வாங்கறாங்களே, அந்த வேலையில பாதியை வாசப்படி சும்மாவே பண்ணித் தருது.

பெரிய விஷயம் என்னன்னா குழந்தை ஏற்கனவே அங்கதான் இருக்குது. செருப்பு மாட்டறது, ஸ்கூல் வேனுக்கு நிக்கறது, சோறு ஊட்டறது, தலை பின்றது, பேன் பாக்கறது எல்லாம் நம்ம வீடுகள்ல அங்கதான் நடக்குது. கூப்பிட்டு நிறுத்த வேண்டியதே இல்ல.

மாசி பங்குனில புளி சீசன் வந்துச்சுன்னா திண்ணையில ஆயா ஒரு கல்லு மேல புளியை வெச்சு தட்டித் தட்டி கொட்டை எடுத்துட்டு இருப்பாங்க, பக்கத்துல பாப்பா அந்தக் கொட்டையைப் பொறுக்கி ஒத்தையா ரெட்டையா ஆடும். பக்கவாட்டு வெளிச்சத்துல ஒரு அடி கிட்ட போய்ப் பாருங்க, புளி நாரு ஒண்ணொண்ணும் தனியா தெரியும், ஆயா விரல் நுனியில ஏறின பழுப்பு, நகத்துக்கு அடியில ஒட்டினது, கொட்டையோட வழவழப்புல வாசலே ஒரு சின்ன வெள்ளைக் கட்டமா பளிச்சுனு. "ஏண்டா இருட்டுல வெச்சு எடுக்கற, வெளிய வெயில்ல நிக்க வெச்சு எடு"ன்னு ஆயா சொல்வாங்க. நீங்க மட்டும் எழுந்திரிக்காதீங்க ஆயா, அப்படியே தட்டுங்கன்னு சொல்லிட்டு எடுத்துட்டே இருங்க.

இதுலயே மூணு விதம் இருக்குது. வாசலுக்கு வெளிய இருந்து உள்ள பாத்து எடுத்தா மூஞ்சி முழுசா வெளிச்சம், கண்ணுல வானம் மின்னும். ஆனா நடு வாசல்ல நின்னு வெளிச்சத்தை மறைச்சிடாதீங்க, ஓரமா படியில உக்காருங்க, கேமரா குழந்தை கண்ணு உசரத்துக்கு வந்துடும். நிலைப்படியோரமா நீளவாக்குல எடுத்தா பாதி மூஞ்சி வெளிச்சம், பாதி நிழல், தாத்தா பாட்டி மூஞ்சி சுருக்கத்துக்கு இதுதான் எனக்குப் பிடிச்சது. வீட்டுக்குள்ள இருந்து வெளிய பாத்து எடுத்தா உருவம் மட்டும் கறுப்பா தெரியும், ஒண்ணு ரெண்டு போதும். சுடச்சுட களி உருண்டையில கிளம்பற ஆவி மட்டும் வெளிச்சம் பின்னாடி இருந்து சாய்வா வந்து, ஆவிக்கு நேர் பின்னாடி இருட்டா இருந்தாத்தான் படத்துல விழும், அதுக்கு உள்ள உக்காந்து கதவை ஒதுக்கி கோணம் பாத்துக்கணும்.

கேமராவுல லென்ஸ் திறப்பு எஃப் 2, ஷட்டர் 1/400, வெளிச்சத்தை வாங்கற திறனான ஐஎஸ்ஓ 400ல இருந்து ஆரம்பிங்க. பின்னாடி இருட்டுங்கறதால கேமராவும் ஃபோனும் மூஞ்சியை வெளுக்க வெச்சிடும், பதியற வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கொறைச்சா வெளிச்சம் பாதியாயிடும்) கொறைச்சு எடுத்தா நெறம் நெறமா வரும்.

எந்தத் திசை வாசல்ங்கறது பெரிய விஷயம். கிழக்கு வாசல்னா காலையில நேர் வெயில் ஏறும், ஆனா மதியம் மூணு மணியில இருந்து விளக்கு வெக்கற நேரம் வரைக்கும் அருமையான நிழல், பசங்க ஸ்கூல்ல இருந்து வர்ற நேரம் வேற. மேற்கு வாசலுக்கு அதையே திருப்பிப் போட்டுக்கங்க. வடக்கு வெளிச்சம்தான் எப்பவும் நல்லதுன்னு புஸ்தகத்துல போட்டிருப்பாங்க, அது ஐரோப்பா கணக்கு. நமக்கு ஏப்ரல் கடைசியில இருந்து ஆகஸ்ட் 20 வரைக்கும் சூரியன் நாள் முழுக்க வடக்குப் பக்கமாவே போகுது, அந்த நாலு மாசமும் தெற்கு வாசல்ல பொட்டு வெயில் விழாது, அப்ப தெற்கு வாசல்தான் ராஜா. செப்டம்பர் கடைசியில இருந்து மார்ச் 20 வரைக்கும் அப்படியே தலைகீழ், வடக்கு வாசல் நாள் முழுக்க நிழல், தெற்கு வாசலுக்குள்ள மார்கழி வெயில் கூடம் வரைக்கும் வந்துடும்.

கொறையும் இருக்குது. எதிர்வீட்டுக்காரங்க கிளிப்பச்சை பெயின்ட் அடிச்சிருந்து அதுல வெயில் பட்டா நம்ம குழந்தை கன்னத்துலயும் பச்சை ஏறும். அப்ப குழந்தைக்குப் பக்கத்துல கொடியில ஒரு வெள்ளை வேட்டியைக் காயப்போடுங்க, பாதி சரியாயிடும். தெருவுல போறவங்க நின்னு பேசுவாங்க, குழந்தை கூச்சப்படும், இது தவிர்க்க முடியாது.

ஜன்னல் ஓரம்

வாசல் இல்லாத மாடி வீட்டுக்கும் கைக்குழந்தைக்கும் இதுதான். தூங்கற குழந்தை, பால் குடிக்கற குழந்தை, ஹோம்வொர்க் எழுதற பையன், இவங்க ஆடாம இருப்பாங்க, அதனால கம்மி வெளிச்சம் போதும். டியூப்லைட்டை அணைச்சிடுங்க, ரெண்டு வெளிச்சம் கலந்தா நெறம் கெட்டுடும். ஜன்னல்ல இருந்து ரெண்டு மூணு அடிக்குள்ள வெச்சுக்கங்க, தள்ளத் தள்ள வெளிச்சம் மளமளன்னு கொறையும். நம்ம ஜன்னல்கள்ல கம்பியும் கொசுவலையும் இருக்கும், கொசுவலையை மட்டும் கழட்டினாலே வித்தியாசம் தெரியும். ஃபோன்ல நைட் மோடு வேண்டாம், அது பல ஃபிரேமை ஒண்ணா சேக்கறதால கையை ஆட்டற குழந்தைக்கு மூணு கை தெரியும்.

ஓசூர், தளி பக்கம் மார்கழில பனி மூட்டமும் ஐப்பசி கார்த்திகை மழையும் இருக்கறப்ப மொத்த வானமும் வெள்ளை வேட்டி கட்டின பந்தல் மாதிரி ஆயிடும், அப்ப மொட்டை மாடி கூட நல்லா வரும். மத்த நாள்ல மொட்டை மாடி வேண்டாம்.

ஃபோனா கேமராவா

வாசப்படிக்கும் தோப்புக்கும் இப்ப இருக்கற ஃபோனே போதும், கேமரா வாங்கற வரைக்கும் காத்துட்டு இருக்காதீங்க, அதுக்குள்ள குழந்தை வளந்துடும். போர்ட்ரெய்ட் மோடு மட்டும் ஆஃப்ல வெய்யுங்க, பறக்கற முடியையும் ஜிமிக்கியையும் வெட்டி எடுத்துடும். ஜன்னல் ஓரத்துக்கும், இருட்டற நேரத்துல ஓடற பசங்களுக்கும்தான் கேமரா உண்மையிலயே ஜெயிக்குது. செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் தாராளம், உள்ள கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமரா வாங்கினா கண்ணைத் தேடிப் பிடிக்கற ஃபோகஸ் கிடைக்கும், அது ஓடற குழந்தைக்குப் பெரிய உதவி, காசு இருந்தா வாங்குங்க.

லென்ஸ் விஷயத்துல எல்லாரும் 50 எம்எம் எஃப் 1.8தான் வாங்கச் சொல்வாங்க, வெலை கம்மி, நல்ல லென்ஸ், தோப்புல அருமையா இருக்கும். ஆனா சின்ன சென்சார் (படம் பதியற சில்லு) இருக்கற கேனான் பாடியில அது 80 எம்எம் மாதிரி கிட்ட இழுத்துக் காட்டும், ஆறரை அடி தள்ளி நின்னா மூணு அடி அகலம்தான் படத்துல விழும், பத்தடி கூடத்துல ஆயாவையும் பேத்தியையும் சேத்து எடுக்க சுவத்துல முதுகு இடிக்கும். அதே கேனானுக்கு 24 எம்எம் எஃப் 2.8, நிக்கான்னா சின்ன சென்சாருக்கான 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ், வீட்டுக்குள்ள இது ரெண்டும்தான் சௌகரியம். கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க கூடத்தோட அகலத்தை டேப் வெச்சு அளந்துட்டுப் போங்க.