நொச்சிக்குப்பம் மீன் மார்க்கெட்: ஒரு ரெகுலர் கஸ்டமரோட நீளமான ரிவ்யூ

மெரினா லூப் ரோட்ல இருக்கிற நொச்சிக்குப்பம் மீன் மார்க்கெட் பத்தி நெட்ல தேடினா ரெண்டு வகை ரிவ்யூ தான் கிடைக்குது, ஒண்ணு "மீன் ஃப்ரெஷ், ரேட் ஓகே", இன்னொண்ணு "ஒரே கூட்டம், டிராஃபிக், கவிச்சி". ரெண்டுமே ஒத்த வரி. நான் இங்க ரொம்ப காலமா மீன் வாங்கறேன், படிச்சது மானிடவியல், அதுலயும் மீனவ ஊர்கள் கடல எப்படி பங்கு போட்டு பொழைக்கிறாங்கங்கிறது தான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி, அதனால இந்த எடத்தப் பத்தி ஒத்த வரில எழுத மனசு வரல. நேரம் இருக்கிறவங்க முழுசா படிங்க.

மொதல்ல மீன். இங்க மீன் ரெண்டு வழில வருது. ஒண்ணு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மணல்ல ஏத்தி வச்சிருக்கிற ஃபைபர் போட்டுங்க ராத்திரி இல்ல விடியக்காலைல போயி காலைல கொண்டு வந்து எறக்கறது. இன்னொண்ணு, வட சென்னைல இருக்கிற காசிமேடு மீன்பிடி துறைமுகத்துல ஏலத்துல எடுத்து ஐஸ் போட்டு ஆட்டோல கொண்டு வர்றது. "அக்கா இது நம்ம கரையா காசிமேடா"ன்னு கேளுங்க, நான் கேட்டப்பல்லாம் உள்ளத உள்ளபடி சொல்லியிருக்காங்க. நம்ம கரைன்னா பெரும்பாலும் காரப்பொடி, கவலை, நெத்திலி, கிழங்கா, நவரை, சுதும்பு, நண்டு, சீசன்ல எறா, காலம் ஒத்து வந்தா கானாங்கத்த. பெரிய வஞ்சிரம், பெரிய வவ்வா எல்லாம் அனேகமா காசிமேடு தான், அதுவும் மோசமில்ல, ஆனா அதுக்காக நீங்க இவ்ளோ தூரம் வர வேண்டாம்.

இங்க வர வேண்டியது கூறு மீனுக்கு. தட்டுல கூறு கட்டி வச்சிருப்பாங்க, நூறு ரூபா கூறு, இருநூறு ரூபா கூறுன்னு, எடை கெடையாது, கண்ணால பாத்து வாங்கணும். போன சீசன்ல ஒரு அக்காகிட்ட "வஞ்சிரம் இல்லயா"ன்னு ஒரு கஸ்டமர் முகத்த சுளிச்சுக்கிட்டு கேட்டாரு, அவங்க "இன்னிக்கு கடல்ல இன்னா கெடச்சுதோ அதான் சார் இங்க கீது"ன்னு சொல்லிட்டு நவரைய எடுத்து செவுள விரிச்சுக் காட்டினாங்க, செவுள் நல்லா ரத்தச் செவப்பு. அவரு வாங்கல, நான் வாங்கிட்டேன். புளி கொஞ்சம் தூக்கலா விட்டு கொழம்பு வச்சா நவரைய அடிச்சுக்க ஆள் இல்ல.

இதுக்கு நேர் எதிர் அனுபவம் ஒரு டெலிவரி ஆப்ல நடந்தது, பேர் வேணாம். வருஷம் முச்சூடும் அதே அஞ்சாறு மீன், அதே சைஸ் துண்டு, மீன்பிடித் தடை இருக்கிற ஏப்ரல் மே மாசத்துல கூட வஞ்சிரம் ஸ்டாக் இருக்கும். வந்த துண்டு கொழகொழன்னு இருந்துச்சேன்னு கேட்டா பணத்த திருப்பிக் குடுத்துட்டாங்க, அதுல கொற சொல்ல முடியாது, ஆனா இது எந்தக் கரை மீன், எந்த வலைல வந்ததுன்னு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்ல ஆள் இல்ல. இந்தக் கேள்விக்கு பதில் கிடைக்கிற எடம் லூப் ரோடு. எனக்கு அது ரொம்ப முக்கியம், ஏன்னு சொல்றேன்.

காலைல ஏழு எட்டு மணிக்கு வந்தீங்கன்னா மார்க்கெட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி மணல் பக்கம் போய் நில்லுங்க. நண்டு வலை வந்திருந்தா நாலஞ்சு பேரு நிழல்ல வலைய பரப்பிக்கிட்டு நண்ட ஒண்ணொண்ணா பிரிப்பாங்க. கொடுக்கு சிக்கின நண்ட இழுத்தா வலையும் போச்சு கொடுக்கும் போச்சு, கொடுக்கு ஒடிஞ்ச நண்டுக்கு வெலை கம்மி. அதனால கட்டைவெரல்ல நூல விலக்கி, நண்ட லேசா திருப்பி, ஒவ்வொரு காலா எடுப்பாங்க பாருங்க, அவ்ளோ பொறுமை. நண்டுக்கு ஒரு வலை, எறாக்கு ஒண்ணு, கவலைக்கு ஒண்ணுன்னு கண்ணி அளவு, அதாவது வலை ஓட்டையோட அளவு, மாறும், சின்ன குஞ்சு கண்ணில பூந்து தப்பிச்சுடும். ஒரு போட்டுல என்ன வந்தாலும் செலவு போக மிச்சத்த பங்கு பிரிக்கிறது தான் மொறை, போட்டுக்கும் இஞ்சினுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, மிச்சம் போன ஆளுங்களுக்கு. மாச சம்பளம் கெடையாது. மீன் கம்மின்னா எல்லாருக்கும் கம்மி.

இன்னொரு விஷயம் வெளில இருந்து பாக்குறவங்களுக்கு தெரியறதில்ல, இவங்களுக்கு கடல் ஒரே கடல் இல்ல. நீரோட்டம் தெக்கேர்ந்து வடக்க போனா தெண்டி, வடக்கேர்ந்து தெக்க வந்தா வண்ணி, காத்துக்கு வாடை, கொண்டல், கச்சான்னு பேரு, எந்தக் காத்துல எந்த மீன் கரைக்கு ஒதுங்கும்னு கணக்கு. இதெல்லாம் அப்பன் மகனுக்கு போட்டுல வச்சு சொல்லிக் குடுக்கறது. நீங்க அன்னிக்கு வாங்குற கூறுல இருக்கிற மீன முடிவு பண்றது இந்தக் காத்தும் நீரோட்டமும் தான்.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. 1968-ல காரெட் ஹார்டின்னு ஒரு அமெரிக்க உயிரியலாளர் ஒரு கட்டுரை எழுதினாரு, எல்லாருக்கும் பொதுவான சொத்த ஆளாளுக்கு சொரண்டி கடைசில அழிச்சுடுவாங்கன்னு. இன்னிக்கும் மீன் கொறஞ்சு போச்சுன்னா படிச்சவங்க மொதல்ல சொல்றது இதத் தான், "மீனவங்க புடிச்சு தீத்துட்டாங்க". ஆனா மீனவ ஊருக்குள்ள போய் உக்காந்து பாத்த ஆய்வாளருங்க வேற ஒண்ண பாத்தாங்க. பொது சொத்துன்னா கேக்க ஆள் இல்லாத சொத்து இல்ல, அதுக்கு ஊர் இருக்கு, மொறை இருக்கு. எலினார் ஆஸ்ட்ரம்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் இதத் தான் உலகம் பூரா இருக்கிற உதாரணங்கள வச்சு நிறுவினாங்க, 2009-ல பொருளாதார நோபல் கிடைச்சது. அவங்க சொன்ன உதாரணத்துல ஒண்ணு துருக்கில அலன்யாங்கிற ஊரு, அங்க செப்டம்பர்ல எந்தெந்த எடத்துல யாரு வலை போடறதுன்னு குலுக்கல் போட்டு, அப்பறம் தெனமும் ஒவ்வொரு எடமா நகந்துக்கிட்டே போவாங்க, ஜனவரிக்கு மேல திசைய மாத்திப்பாங்க, நல்ல எடம் எல்லாருக்கும் சுத்தி வரும். அவ்ளோ தூரம் போவானேன், சென்னைலேர்ந்து வடக்க பழவேற்காடு ஏரில எறா புடிக்கிறதுக்கு பாடுன்னு ஒரு மொறை இருக்கே, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மாதிரி ஊருங்கள்ல முகத்துவாரத்துக்கு கிட்ட எந்த எடத்துல யாரு எந்த நாள் வலை கட்டறதுன்னு மொற வச்சு சுத்தி வருது. நல்ல எடத்த ஒருத்தனே வளைச்சுப் போட முடியாது. அதுலயும் ஒரு கஷ்டம் இருக்கு, அந்த மொறைக்குள்ள வர உரிமை உள்ள சாதிக்காரங்க, ஊர்க்காரங்க மட்டும் தான் உள்ள, மத்தவங்க வெளிய. அதையும் சேத்துத் தான் பாக்கணும், ஊர் மொறைன்னாலே எல்லாருக்கும் நியாயம்னு நான் சொல்ல வரல.

நம்ம பக்கம் தெறந்த கடல்ல இந்த மாதிரி குலுக்கல் எல்லாம் பெருசா நடக்காது, மீன் ஓடிக்கிட்டே இருக்கும். அங்க ஊர் பஞ்சாயத்து வேற மாதிரி வேலை செய்யுது, எந்த வலைய நம்ம கரைல எறக்கலாம், எத எறக்கக் கூடாதுன்னு. மார்டன் பாவிங்க்னு நெதர்லாந்து ஆய்வாளர் ஒருத்தர் 1990கள்ல சோழமண்டலக் கரைல தங்கி இதப் பாத்தாரு, ஊர் சட்டம் ஒண்ணு, சர்க்கார் சட்டம் ஒண்ணு, ரெண்டும் ஒரே கடல்ல பக்கத்துல பக்கத்துல ஓடுதுங்கிறது அவரு காட்டின விஷயம். ஒரு புது வலை வந்து பத்து பேரு அள்ளிட்டு நூறு பேரு வெறும் வலையோட திரும்பற நெலமை வந்தா ஊர் கூடி பேசும், தடை போடும், மீறினா அபராதம். சுருக்கு வலை பிரச்சினை இப்படித் தான், கூட்டமா போற மீன வளைச்சு அடியில சுருக்கி மொத்தமா தூக்கறது. 2000-லயே தமிழ்நாடு அரசு தடை போட்டுச்சு, ஆனாலும் அதுக்கு லட்சக்கணக்குல கடன் வாங்கிப் போட்ட ஊருங்களும் இருக்கு, அதுனால பக்கத்து பக்கத்து ஊருக்குள்ளயே சண்டை. 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு 12 கடல் மைலுக்கு அப்பால, திங்களும் வியாழனும் மட்டும், காலைல 8 மணிலேர்ந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும்னு இடைக்கால அனுமதி குடுத்துச்சு. கோர்ட்டு ஒரு கோடு போடும், ஊரு ஒரு கோடு போடும், மீனுக்கு ரெண்டும் தெரியாது, ஆனா எந்தக் கோட்ட யாரு மதிக்கிறாங்கங்கிறதுல தான் அடுத்த வருஷம் கூறுல மீன் இருக்குமாங்கிறது இருக்கு.

தடைக்காலத்தப் பத்தியும் சொல்லணும், வாங்கறவங்களுக்கு இது நேரடியா உதவும். கிழக்கு கரைல 2001-லேர்ந்து 45 நாள் தடை இருந்துச்சு, 2017-லேர்ந்து 61 நாள் ஆக்கினாங்க, ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும். இது விசைப்படகுக்கு, ஃபைபர் போட் மாதிரி சின்னப் படகுங்க கரைக்கு கிட்ட போகலாம். அதனால மத்த மார்க்கெட்ல வெளி மாநில ஐஸ் மீன் ஓடற அந்த ரெண்டு மாசம் தான் லூப் ரோடு கூறுக்கு நெஜமான மவுசு, வெலையும் ஏறும். ஏறட்டும்ங்க. வருஷத்துல மிச்ச நாள்ல விசைப்படகு கொண்டு வந்து கொட்டற மீனோட போட்டி போட்டு வித்தவங்களுக்கு ரெண்டு மாசமாவது நல்ல வெலை கிடைக்கட்டும். அப்போ போய் பேரம் பேசாதீங்க, தயவு செஞ்சு.

சரி, இப்போ மார்க்கெட் கட்டடம். 2024 ஆகஸ்ட்ல தெறந்தாங்க, 14.93 கோடி, 366 கடை. கூரை இருக்கு, மேடை இருக்கு, மீன் வெட்டிக் குடுக்க தனி எடம் இருக்கு, கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற ஏற்பாடும் இருக்கு. வெயில்ல ரோட்டோரம் குடை புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த பெரியம்மாங்க நிழல்ல உக்காந்து விக்கறத பாக்கவே நிம்மதியா இருக்கு. மீன் வெட்டறவங்க கை வேகம் சொல்லி முடியாது, அருவாமனைல நெத்திலி தலைய கிள்ளி கிள்ளி போடுவாங்க, நாம காசு எடுக்கறதுக்குள்ள கால் கிலோ முடிஞ்சிருக்கும். வெட்டுக் கூலி தனி, சில்லறையா வச்சிக்கோங்க.

ஆனா இந்தக் கட்டடம் எப்படி வந்துச்சுங்கிறத மறந்துட்டு ரிவ்யூ எழுதக் கூடாதுன்னு நெனைக்கிறேன். 2023 ஏப்ரல்ல ஐகோர்ட் தானா முன்வந்து எடுத்த வழக்குல ரோட்டோர மீன் கடைங்கள அகற்றச் சொன்னாங்க, அதிகாரிங்க வந்து எடுத்தாங்க, மீனவங்க ரோட்ட மறிச்சு உக்காந்தாங்க. ரோட்ட ஆக்கிரமிச்சுட்டாங்கன்னு கார்ல போறவங்க பேசினாங்க, குப்பத்துக்காரங்க சொன்னது, எங்க கரை மேல தான்யா நீங்க ரோடு போட்டீங்க. எனக்கு குப்பத்துக்காரங்க சொல்றது தான் சரின்னு படுது. வலை காய வைக்க, போட் ஏத்த, மீன் பிரிக்க, ஏலம் விட, எல்லாத்துக்கும் மணல் வேணும், அந்த மணல் தனி ஆள் பேர்ல பட்டா போட்டது இல்ல, ஊருக்கு பொது. இது இன்னிக்கு நேத்து சண்டையும் இல்ல, 1985-ல மெரினாவ அழகுபடுத்தறோம்னு கட்டுமரங்கள அப்புறப்படுத்தப் போயி அது துப்பாக்கிச் சூட்டுல முடிஞ்சு மீனவங்க உயிர் போயிருக்கு. கடல் பொதுன்னா கரையும் பொது, கரைய எடுத்துட்டு கடல மட்டும் வச்சுக்கோன்னா போட் எங்க நிக்கும்?

அதனால மார்க்கெட் கட்டினது நல்லது, அதே சமயம் அத காட்டி மணல் பக்கம் இருக்கிற ஏலத்தையும் வலை காயற எடத்தையும் சுருக்கிடக் கூடாது. எதிர்காலத்துல மேடை நம்பர், லைசென்ஸ், வாடகைன்னு ஆகி, குப்பத்து பொம்பளைங்களுக்கு பதிலா மொத்த வியாபாரிங்க உள்ள வந்துட்டா அப்பறம் இதுக்கும் ஏசி கடைக்கும் வித்தியாசம் இல்ல. ரோட்டோரத்துலயே எந்த எடம் யாரோடதுங்கிறது எழுதி வைக்காமலே எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு, மாமியாருக்கு அப்பறம் மருமக, அம்மாக்கு அப்பறம் பொண்ணு. அந்த உரிமை உள்ளயும் அப்படியே தொடரணும்ங்கிறது என் ஆசை.

போறவங்களுக்கு கடைசியா: ஞாயித்துக்கிழமை ஒம்போது மணிக்கு மேல போகாதீங்க, கூட்டம் தாங்காது, வார நாள்ல காலைல போங்க. புயல் எச்சரிக்கை இருந்தா போட் போயிருக்காது, நம்ம கரை மீன் இருக்காது. மீன் பேர் தெரியலன்னா கூச்சப்படாம கேளுங்க, எதுக்கு கொழம்பு எதுக்கு வறுவல்னு அவங்களே சொல்லுவாங்க. பாத்திரம் கொண்டு போங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம். அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கறேன், சுதும்பு கெடச்சா விடாதீங்க, வறுத்து சாப்ட்டுப் பாருங்க.