மடிப்பில் மறையும் வரி: நான்கு ஆண்டு ஸ்கேனர் அனுபவம்

ஒரு ஸ்கேனர் மாடலின் விலை குறைந்திருக்கிறது, வீட்டிலுள்ள பழைய படங்களையும் கடிதங்களையும் பாதுகாக்க வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அதே மாடலைத்தான் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். யுஎஸ்பி இணைப்பு தளர்ந்துபோய், 650 ரூபாய் கொடுத்துப் பழுது பார்த்ததும் சென்ற மாதம்தான்.

புகைப்படங்களைப் பொறுத்தவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 1958இல் கும்பகோணத்து ஸ்டுடியோவில் எடுத்த, உள்ளங்கையளவே உள்ள கறுப்பு வெள்ளைப் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) எடுத்து, தரம் குறையாமல் இருக்க டிஃப் கோப்பாகச் சேமித்தேன். வெறும் கோடாகத் தெரிந்த பாட்டியின் புடவைக் கரையைத் திரையில் பெரிதாக்கியதும், அது ருத்ராட்சக் கரை என்று அம்மா கண்டுகொண்டார். அன்று மாலை முழுவதும் அந்தப் புடவையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கடிதங்களில்தான் இந்தக் கருவி என் பொறுமையைச் சோதிக்கிறது. தாத்தா 1960களில் பிலாய் உருக்காலையில் வேலை பார்த்தபோது பாட்டிக்கு எழுதிய இன்லேண்ட் கடிதங்கள் 112 எங்களிடம் இருக்கின்றன. இத்தனை காலம் மடித்தே கிடந்ததால் அவற்றின் மடிப்புகள் கூரை முகடுபோல் எழும்பி நிற்கின்றன. என் ஸ்கேனர் சிஐஎஸ் வகை, அதாவது தாளை மிக அருகிலிருந்து படிக்கும் உணரி கொண்டது. உணரிப் பட்டை கண்ணாடியை ஒட்டியே ஓடுவதால், கண்ணாடியில் படியாமல் சில மில்லிமீட்டர் எழும்பியிருப்பதெல்லாம் மங்கிவிடுகிறது. தாத்தாவோ இடத்தை வீணாக்காமல் மடிப்பின் மீதும் ஓரங்களிலும் நெருக்கி எழுதியவர். 'சின்னவளுக்கு' என்று தொடங்கும் ஒரு வரியின் பிற்பாதி, மூன்று முறை எடுத்தும் சாம்பல் நிறக் கறையாகவே வந்தது. மூடியை அழுத்தினால் மடிப்பில் தாள் கிழியத் தொடங்குகிறது. ஈரம் காட்டி நிமிர்த்தினால் ஊற்றுப்பேனா மை பரவிவிடும். இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுவரவே கூடாது.

நியாயமாகப் பார்த்தால் இது பழுதன்று, அந்த வகையின் இயல்பு. லென்ஸ் வைத்த சிசிடி ஸ்கேனர்கள் இத்தகைய மேடு பள்ளங்களை ஓரளவு தெளிவாகவே எடுக்கும். ஆனால் அவை கனமானவை, விலையும் கூடுதல். ஆவணங்களுக்கு ஏற்றது என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டவர்கள் இந்த ஒரு குறையை ஒரு மூலையிலாவது சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் கோபம்.

இப்போதெல்லாம் கடிதங்களை வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் இரண்டு வாரம் விட்டுவிட்டு, வெயில் நேராக விழாத ஜன்னலருகே கைபேசியில் படமெடுக்கிறேன். அப்படித்தான் அந்த வரியையும் படித்தோம்: 'சின்னவளுக்குக் கொலுசு வாங்கி வைத்திருக்கிறேன்.' சின்னவள் என்பது என் அம்மா. மூலக் கடிதங்களை மறுபடி மடிக்காமல், லேமினேஷனும் செய்யாமல், பாலியெஸ்டர் உறைகளில் இட்டு, தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி நுழையாதபடி இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்திருக்கிறேன்.

வாங்க வேண்டாம் என்றே நண்பருக்கு எழுதிவிட்டேன். என்னுடையதை விலைக்குக் கேட்டால் கொடுக்கவும் மாட்டேன். அடுத்த வாரம் பெரியம்மா வீட்டிலிருந்து நாற்பது படங்கள் வருகின்றன.