நெட்டி முறிக்கும் தரை: அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங்கோடு மூன்று குளிர்காலம்

நண்பர் ஒருவர் வீட்டைப் புதுப்பிக்கிறார். மர உத்தரங்களின் மேல் பலகை அடித்த தரைக்கு அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங், அதாவது தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய் ஓட்டி அறையைச் சூடாக்கும் அமைப்பு, போடலாமா என்று கேட்டார். எங்கள் வீட்டில் போட்டு மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. இருந்தும் பதில் சட்டென்று வாயில் வரவில்லை.

சூட்டில் குறையே இல்லை. சுவரோரம் சுடுநீர் ஓடும் ரேடியேட்டர் இருந்தபோது 65 டிகிரியில் தண்ணீர் ஓடியது, இப்போது 40 போதும். காலையில் வெறுங்காலைத் தரையில் வைக்கும்போது வரும் இதம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு முறை கூடச் செலவு செய்வேன்.

பிரச்சினை சத்தம். தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆனால் தரை நெட்டி முறிக்கும். டொக். கொஞ்சம் விட்டு இன்னொரு டொக். அணைத்த பிறகு ஆறும்போதும் அதே கதை.

குழாயைப் புதைக்க உத்தரத் தரையின் மேல் 65 மி.மீ. சிமெண்ட் கலவை ஊற்றினால் சதுர மீட்டருக்கு 130 கிலோ ஏறிவிடும், மரம் தாங்காது. அதனால் உத்தரங்களுக்கு நடுவே வெப்பக் காப்பு அடைத்து, பள்ளம் வைத்த அலுமினியத் தகடு விரித்து, பள்ளத்தில் 16 மி.மீ. பிளாஸ்டிக் குழாயை அழுத்தியிருக்கிறார்கள். 20 டிகிரி சூடு கூடினால் ஒரு மீட்டர் தகடு அரை மில்லிமீட்டர்தான் நீளும். பத்து மீட்டர் குழாயோ மூன்று சென்டிமீட்டர் வரை நீளப் பார்க்கும். எங்களுக்கு வேலை செய்தவர்கள் தகடுகளை இடைவெளியே விடாமல் முட்ட வைத்து, இரண்டு ஓரமும் ஆணி அடித்துவிட்டார்கள். நீள இடமில்லாமல் இறுகி, திடீரென்று விடுபடுகிறது. அதுதான் அந்த டொக்.

போன மாதம் நடையில் இரண்டு பலகையைப் பெயர்த்துப் பார்த்தோம். குழாய் கடந்து போக உத்தரத்தில் வெட்டிய காடியின் விளிம்பு, பழைய கதவு நிலை மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. மூன்று வருட உரசல்! ஒரு பக்க ஆணிகளைப் பிடுங்கி, தகடுகளுக்கு நடுவே ஐந்து மி.மீ. விட்டு, காடிக்குள் குழாயைக் கம்பளித் துணியால் சுற்றினோம். நடையில் சத்தம் அடங்கிவிட்டது.

படுக்கையறையில் அதைச் செய்ய வழியில்லை. பலகையைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், பெயர்த்தால் உடைந்துவிடும். இரவில் அணைத்துக் காலையில் போடுவதை நிறுத்தி, குறைந்த சூட்டில் விடாமல் ஓட விட்டதில் பாதி குறைந்தது. ஆனால் வெளியே குளிர் கூடினால் பாய்லர் தானாகவே நீரின் சூட்டை ஏற்றும், மறுபடி டொக். நேற்றும் இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு அடுத்தது எப்போது என்று காத்துக் கிடந்தேன்.

அதனால் நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். இல்லை, போட்டே தீருவேன் என்றால், பலகை மூடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கச் சூடேற்றி, ஆற விட்டு, தரையோடு காது வைத்துக் கேள், அப்புறம் மீதிப் பணத்தைக் கொடு என்றேன்.